ஒரு டோன் சிவப்பு

என் நிரல் முதன்முதலில் தீர்ப்புச் சொன்னது ஒரு மெரூன் துணிக்கு. சாயம் ஏறிக் காய்ந்து, சாஃப்ட்னர் வாசம் இன்னும் போகாமல் லேப் மேசைமேல் கிடந்த பின்னலாடைத் துணி. மேலே கேமரா, இரண்டு பக்கமும் விளக்கு. பொத்தானை அழுத்தினேன். திரையில் வந்த பெயர்: பச்சை கலந்த நீலம்.

மாஸ்டர் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு திரையைப் பார்த்தார், துணியைப் பார்த்தார், கடைசியாக என்னைப் பார்த்தார். “அம்மிணி, இதைய அப்படியே பையருக்கு அனுப்பிச்சுப் போடலாமா?” என்றார். லேபில் இருந்த நான்கு பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், வேறென்ன செய்ய.

பிழை சின்னது. நிறத்தின் சாயலை ஒரு வட்டமாக வைத்து, சிவப்பு 0 பாகை, பச்சை 120, நீலம் 240 என்று குறிப்பது ஒரு வழக்கம். நான் பயன்படுத்திய ஓப்பன்சிவி நூலகம், அந்த எண் ஒரு பைட்டுக்குள் அடங்கட்டும் என்று எல்லாவற்றையும் பாதியாக்கி 0 முதல் 179 வரை வைத்திருக்கும். அந்த வட்டத்தில் தையல் விழுகிற இடம் சரியாகச் சிவப்பின்மேல். என் மெரூன் துணியின் புள்ளிகளில் பாதி 175-க்குப் பக்கத்தில் இருந்தன, மீதி 5-க்குப் பக்கத்தில். கூட்டி இரண்டால் வகுத்தேன், 90 வந்தது. வட்டத்தின் நேர் எதிர்முனை அது. பன்னிரண்டு அடிக்க ஐந்து நிமிடம் இருக்கையில் ஒருவரும் அடித்து ஐந்து நிமிடம் கழித்து ஒருவரும் வந்தால், 55-ஐயும் 5-ஐயும் கூட்டிப் பாதியாக்கி, சராசரியாக முப்பதாவது நிமிடத்தில் வந்தார்கள் என்று எழுதிவைத்த கதைதான்.

நான் படித்தது கணினி அறிவியல், ஊர் உடுமலைப்பேட்டைப் பக்கம். திருப்பூரில் ஒரு சாயப்பட்டறையின் லேபில் பயிற்சிக்குச் சேர்ந்தபோது எனக்குக் கொடுத்த வேலை சுலபமாகத் தெரிந்தது. இரண்டு படத்தைக் கொடுத்தால், இரண்டிலும் உள்ள நிறம் எவ்வளவு ஒத்துப்போகிறது என்று ஓர் எண் சொல்ல வேண்டும். இத்தனைக்கும் லேபில் ஏற்கெனவே ஒரு ஸ்பெக்ட்ரோ இருந்தது. துணியை நான்காக மடித்து அதன் வாயில் வைத்தால், 400 நானோமீட்டரிலிருந்து 700 வரை பத்துப் பத்தாகப் போய், எந்த அலைநீளத்தில் எவ்வளவு வெளிச்சம் திரும்பி வருகிறது என்று அளந்துவிடும். அதைவிட நம்பகமான சாட்சி அந்த லேபில் கிடையாது. ஆனால் அந்த வாயை மூடுகிற துணி முழுக்க ஒரே நிறமாக இருக்க வேண்டும். கோடு போட்ட துணி, பிரிண்ட், கறுப்பும் வெள்ளையும் கலந்த மெலாஞ்ச், லேஸ், பட்டன் என்று வந்தால் எல்லாவற்றையும் போட்டுக் கலக்கி ஒரே நிறமாகச் சொல்லிவிடும். அதற்குத்தான் கேமரா, கேமராவுக்குத்தான் நான்.

மாஸ்டர் முப்பது வருஷமாக ஷேடு பார்க்கிறவர். கம்ப்யூட்டர்மேல் அவருக்குப் பகை கிடையாது. மாதிரிக்குச் சாயம் போட்டுப் பார்க்கிற லேப் டிப்புக்கான ரெசிப்பியைக் கம்ப்யூட்டர்தான் போட்டுக் கொடுக்கிறது. அவருக்கு என்மேல்தான் சந்தேகம், அதுவும் நியாயமானது.

கல்லூரியில் எனக்குத் தெரிந்த ஒரே தூரம் பித்தாகரஸ் தூரம். ஒரு புள்ளியின் நிறம் என்பது சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று எண்கள், ஒவ்வொன்றும் 0 முதல் 255 வரை. எல்லாச் சேர்க்கைகளையும் எண்ணினால் 1,67,77,216. இரண்டு நிறங்களுக்கு நடுவே மூன்று வித்தியாசம் கிடைக்கும். ஒவ்வொன்றையும் வர்க்கமாக்கிக் கூட்டி, வர்க்கமூலம் எடுத்தால் தூரம். மூன்று வரி நிரல். தூரம் குறைந்தால் ஒத்த நிறம், கூடினால் வேறு நிறம். இதில் தப்பு எங்கே வந்துவிடப் போகிறது என்று இருந்தேன்.

மாஸ்டருக்கு அதை விளக்கத் திரையில் இரண்டு ஜோடி கட்டங்கள் போட்டுக் காட்டினேன். முதல் ஜோடி பச்சை: 0, 255, 0 ஒன்று, 0, 220, 0 மற்றொன்று. இரண்டாவது ஜோடியில் 128, 128, 128 என்ற சாம்பலும் 128, 128, 163 என்ற இன்னொன்றும். இரண்டு ஜோடிக்கும் தூரம் 35. “ரெண்டுலயும் வித்தியாசம் ஒண்ணுதானுங்க மாஸ்டர்” என்றேன் பெருமையாக.

அவர் குனிந்து பார்த்தார். “இது ரெண்டும் பச்சை. ஒண்ணு துளி மங்கல், அவ்வளவுதான். இங்க பாரு, இது சாம்பலு, இது நீலம். வேற வேற கலரு. உனக்கு எப்படி ரெண்டும் ஒண்ணாத் தெரியுது?”

எனக்கும் ஒன்றாகத் தெரியவில்லை என்பதுதான் உண்மை. கண்ணுக்குத் தெரிந்ததை நம்பாமல் கணக்கை நம்பியிருந்தேன். பின்னாளில் கண்ணுக்கு இணக்கமான சூத்திரம் கைக்கு வந்தபோது இதே இரண்டு ஜோடியையும் போட்டுப் பார்த்தேன். பச்சை ஜோடிக்கு 8-க்குச் சற்றுக் குறைவு, சாம்பல் ஜோடிக்கு 15-ஐ ஒட்டி. மாஸ்டர் ஒரு நொடியில் சொன்னதற்கு அந்தச் சூத்திரம் ஒரு பக்கம் நீளம்.

அந்தச் சூத்திரத்துக்கு வந்து சேர உலகத்துக்கே எழுபது வருஷம் ஆகியிருக்கிறது என்பது பிறகு படித்துத் தெரிந்த சங்கதி. 1931-இல் சிஐஇ என்கிற சர்வதேச ஒளியூட்டல் ஆணையம் சராசரிக் கண் என்று ஒன்றை எண்களில் வரையறுத்தது. இங்கிலாந்தில் ரைட்டும் கில்டும் தனித்தனியே, விரல்விட்டு எண்ணக்கூடிய ஆட்களை உட்காரவைத்து நிறம் பொருத்தச் சொல்லி எடுத்த அளவுகள் அதற்கு அடிப்படை. எந்த நிறத்துக்கும் முகவரி எழுத அது போதும். பக்கத்து முகவரி எவ்வளவு பக்கம் என்று அது சொல்லாது. 1942-இல் கோடாக் ஆய்வகத்தில் டேவிட் மக்காடம் அதைத்தான் சோதித்தார். 25 நிறங்களை எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றுக்கும் இணையான நிறத்தைத் திரும்பத் திரும்பப் பொருத்தச் சொன்னால், பொருத்துகிறவர் கை எவ்வளவு தடுமாறுகிறது? அந்தத் தடுமாற்றத்தை 1931-இன் வரைபடத்தில் குறித்தால் ஒவ்வொரு நிறத்தைச் சுற்றியும் ஒரு நீள்வட்டம் வந்தது. பச்சைப் பக்கம் பெரிய நீள்வட்டம், நீலப் பக்கம் பொடிசு. அதாவது அந்த வரைபடத்தில் ஒரு விரற்கடை என்பது ஊருக்கு ஊர் மாறுகிற நாட்டுப் படி மாதிரி. நான் திரையில் பச்சையையும் சாம்பலையும் போட்டு மாட்டிக்கொண்டது இதே குழியில்தான்.

இந்தப் படியைச் சீராக்க 1976-இல் சிஐஇ கொண்டுவந்தது லேப் வெளி. எல், ஏ, பி என்ற மூன்று எழுத்து. (எங்கள் லேபுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. முதல் வாரம் இந்தப் பெயர் ஒற்றுமையால் நான் பட்ட பாடு தனி.) எல் என்பது 0 முதல் 100 வரை, கறுப்பிலிருந்து வெள்ளை. ஏ கூடினால் சிவப்பு, குறைந்தால் பச்சை. பி கூடினால் மஞ்சள், குறைந்தால் நீலம். இதைப் படித்துக்கொண்டிருந்த மதியம் பின்னால் மாஸ்டர் யாரிடமோ போனில் பேசிக்கொண்டிருந்தார்: “ஒரு டோன் சிவப்பு ஜாஸ்தி, மஞ்சக் கம்மி, கொஞ்சம் டார்க்கு.” கையில் இருந்த பக்கத்தை இன்னொரு தரம் பார்த்தேன். அந்த ஆள் முப்பது வருஷமாக ஏ, பி, எல் என்று இதே மூன்று அச்சில்தான் பேசிக்கொண்டிருக்கிறார். அவர் வாயிலிருந்து “சிவப்பு 20 கூட, பச்சை 12 குறைவு, நீலம் 7 கூட” என்று கேமராவின் பாஷை ஒருநாளும் வந்ததில்லை. கேமரா அதற்கு எது வசதியோ அதை எழுதுகிறது, அவ்வளவுதான்.

லேப் வெளிக்கு மாறினேன். டெல்டா ஈ என்பது அந்த வெளியில் நேர்க்கோட்டுத் தூரம். மறுபடியும் அதே பித்தாகரஸ். இந்தத் தடவை சரியாகிவிடும் என்று தெம்பாக இருந்தேன். ஸ்பெக்ட்ரோவில் அளந்த பன்னிரண்டு துணிகளை என் கேமராவிலும் எடுத்து ஒப்பிட்டேன். ஒன்றுவிடாமல் என் எண் பெரிது. ஸ்பெக்ட்ரோ 0.8 என்ற இடத்தில் எனக்கு 1.9. இரண்டு நாள் விளக்கைச் சந்தேகப்பட்டேன், மூன்றாம் நாள் கேமராவை, நான்காம் நாள் துணியை.

ஐந்தாம் நாள் மாஸ்டர் கேட்டார்: “மொத்தத்தைச் சொல்லாத. வெளிச்சத்துல எவ்வளவு, சிவப்புல எவ்வளவு, மஞ்சள்ல எவ்வளவு, தனித்தனியாச் சொல்லு.” பிரித்துப் பார்த்தேன். ஏ, பி இரண்டும் ஸ்பெக்ட்ரோவோடு கிட்டத்தட்ட ஒட்டிப்போயின. எல் மட்டும் எல்லாத் துணியிலும் இரண்டரை மடங்கு. அப்போதுதான் பொறி தட்டியது. எட்டு பிட் படத்தைக் கொடுத்தால் ஓப்பன்சிவி, எல் அச்சை 100-க்குப் பதில் 255 வரை இழுத்துவிடும். ஏ, பி இரண்டோடும் 128-ஐக் கூட்டி வைத்துவிடும். கூட்டிய 128 கழிக்கும்போது தானாக அடிபட்டுப் போகும். இழுத்த எல் அடிபடாது. போதாததற்கு எல்லாவற்றையும் முழு எண்ணாக வெட்டிவிடும். துணி விவகாரத்தில் அரைப் புள்ளி என்பது பாஸுக்கும் ஃபெயிலுக்கும் நடுவே இருக்கிற சுவர். படத்தைத் தசம எண்ணாக்கி, 255-ஆல் வகுத்து, பிறகு மாற்ற வேண்டும். ஒரே வரி. அந்த ஒரு வரிக்கு ஒரு வாரம் போனது.

எண் பெரிதா சிறிதா என்பதைவிட எந்தத் திசையில் என்பது முக்கியம் என்று நான் கற்றுக்கொண்டது அந்த நாளில்தான். டெல்டா ஈ 1.4 என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்தால் சாயம் போடுகிறவருக்கு அதனால் ஒரு பிரயோசனமும் இல்லை. மஞ்சள் பக்கம் 1.2 குறைகிறது என்றால் எந்த டப்பாவைத் திறக்க வேண்டும் என்று அவருக்குத் தெரியும். இன்றுவரை நான் எழுதுகிற எந்த அறிக்கையிலும் மொத்த எண் கடைசியில்தான் வரும்.

சாயத்தொழில் லேப் வெளியோடு நின்றுவிடவில்லை. அதிலும் படி சீராக இல்லை என்று தெரிந்துபோனது. அடர்ந்த நிறங்களில் கண் விட்டுக்கொடுக்கும், சாம்பலுக்குப் பக்கத்தில் துளிகூட விடாது. இங்கிலாந்தில் பிராட்ஃபோர்டில் இருக்கிற சாயக்காரர் சங்கத்தின் நிற அளவீட்டுக் குழு 1984-இல் ஒரு சூத்திரம் தந்தது. குழுவின் முதலெழுத்துகளே சூத்திரத்தின் பெயரானது, சிஎம்சி. எங்கள் ஊர் லேபுகளில் ‘சிஎம்சி டூ இஸ் டு ஒன்’ என்பது சாப்பாட்டில் உப்பு மாதிரி. துணியில் வெளிச்ச வித்தியாசத்தைக் கண் இரண்டு மடங்கு பொறுத்துக்கொள்ளும், சாயல் மாறினால் பொறுக்காது என்பதுதான் அந்த 2:1. பல பையர்கள் 1-க்குள் வேண்டும் என்பார்கள்.

அதை நிரலில் எழுதிப் பார்த்தபோது ஒரு வினோதம். அப்ரூவல் ஆன மாதிரியையும் எங்கள் துணியையும் தவறுதலாக இடம் மாற்றிப் போட்டுவிட்டேன். விடை மாறியது. தூரம் என்றால் இங்கிருந்து அங்கேயும் அங்கிருந்து இங்கேயும் ஒன்றாகத்தானே இருக்க வேண்டும்? கணக்கு டீச்சர் பார்த்தால் அதைத் தூரம் என்றே ஒப்புக்கொள்ளமாட்டார். சிஎம்சி தன் எடைகளை மாதிரித் துணியின் நிறத்திலிருந்து மட்டும் எடுக்கிறது, அதனால்தான் அப்படி. முதலில் இது குறை என்று நினைத்தேன். மாஸ்டருக்கு ஆச்சரியமே இல்லை. “மாப்பிள்ளை பொண்ணு மாதிரி இருக்குறான்னா சொல்லுவாங்க? மாதிரி மாதிரிதான், சரக்கு சரக்குதான்” என்றார். கேட்கிறவர் ஒருவர், கொடுக்கிறவர் ஒருவர் என்று இருக்கிற வியாபாரத்தில் இரண்டு பக்கமும் ஒன்றில்லை என்பது அவருக்குச் சூத்திரம் இல்லாமலே தெரிந்திருந்தது.

மாதிரி என்று ஒன்று இல்லாத இடத்தில், உதாரணமாக ஒரே சட்டையின் உடம்பும் கையும் ஒட்டுகிறதா என்று பார்க்கையில், இரண்டையும் சமமாக நடத்துகிற சூத்திரம் வேண்டும். அதற்கு சிஐஇடிஈ2000. முன்னே சொன்ன ஒரு பக்க நீளச் சூத்திரம் இதுதான். நீலப் பகுதிக்கு மட்டும் நீள்வட்டத்தைச் சாய்த்துவைக்க ஒரு தனி உறுப்புகூட உண்டு. இதைச் சரியாக எழுதியிருக்கிறோமா என்று பார்க்க கௌரவ் சர்மா, வூ, தலால் மூவரும் 2005-இல் 34 ஜோடி நிறங்களை விடையோடு வெளியிட்டிருக்கிறார்கள். போட்டுப் பார்த்தேன். சில ஜோடிகளில் மட்டும் என் விடை தப்பு. ஏனென்று தோண்டினால், சூத்திரத்தின் நடுவே இரண்டு சாயல்களின் சராசரி எடுக்கும் இடம் ஒன்று இருக்கிறது. வட்டத்தின் தையல் விழுகிற இடத்தில் நான் மறுபடியும் கூட்டி இரண்டால் வகுத்திருந்தேன். என் மெரூன் துணி வேறு வேஷத்தில் வந்து நின்றது. அந்த 34 ஜோடிகளில் சில இதே தவற்றைப் பிடிக்கத்தான் வைக்கப்பட்டிருக்கின்றன என்று தெரிந்தபோது கொஞ்சம் ஆறுதல். எனக்கு முன்னால் இதில் வழுக்கியவர்கள் ஒரு கூட்டமே இருக்கிறார்கள் போலிருக்கிறது.

சூத்திரத்தோடு மல்லுக்கட்டியது ஒரு மாதம் என்றால் வெளிச்சத்தோடு கட்டியது நான்கு மாதம்.

கேமராவுக்கு நல்லெண்ணம் அதிகம். படச்சட்டம் முழுக்கச் சிவப்புத் துணியை வைத்தால், வெளிச்சம்தான் சிவப்பாக இருக்கிறது போல என்று அதுவாக முடிவு செய்து, சிவப்பைக் குறைத்துக் கொடுக்கும். குடும்பப் புகைப்படத்துக்கு அது உபகாரம். எனக்கு உபத்திரவம். தானாகச் செய்கிற எல்லாவற்றையும் அணைத்தேன்: வெள்ளைச் சமநிலை, வெளிச்ச அளவு, கூர்மை. ஜேபெக்கையும் விட்டேன். அது வெளிச்சத்தைப் புள்ளிக்குப் புள்ளி பத்திரமாக வைத்துக்கொண்டு, இடம் மிச்சம் பிடிக்க நாலு புள்ளிக்கு ஒரு நிறம் என்று கணக்கை முடித்துவிடும். மெல்லிய சிவப்புக் கோடு பக்கத்து வெள்ளையில் ஊறிப்போகும். கேமராவின் ரா (raw) படத்தை எடுத்து, 24 கட்ட நிற அட்டையைத் துணிக்குப் பக்கத்தில் வைத்துப் படமெடுத்து, அட்டையின் நிறங்கள் இருக்க வேண்டிய இடத்தில் வரும்படி திருத்தினேன்.

அப்படியும் சில நாள் எண்கள் நகர்ந்தன. புதன்கிழமை எல்லாத் துணியும் துளி மஞ்சளுக்குச் சாய்ந்தது. வியாழன் சரியானது. அடுத்த செவ்வாய் எல்லாம் துளி சிவப்புப் பக்கம். விளக்கின் மின்னழுத்தத்தைக் குறித்து வைத்தேன், அறையின் சூட்டைக் குறித்து வைத்தேன், ஒன்றும் பிடிபடவில்லை. மாஸ்டர் டீ டம்ளரோடு வாசலில் நின்று கொஞ்ச நேரம் நான் வேலை செய்வதைப் பார்த்துக்கொண்டிருந்தார். “அம்மிணி, போன வாரம் புதன்கெழமை என்ன கலரு சுடிதார் போட்டிருந்த?”

மஞ்சள். மாம்பழ மஞ்சள். மேசைக்கு அருகே நின்று பொத்தானை அழுத்துகிறேன். விளக்கு என்மேல் பட்டுத் திரும்பித் துணியில் விழுகிறது. செவ்வாய்க்கிழமை போட்டிருந்தது ரோஸ். லேபின் லைட் பாக்ஸ் உள்ளே ஏன் சாம்பல் வண்ணம் பூசியிருக்கிறது என்று ஆறு மாதமாக ஒருநாளும் எனக்குக் கேட்கத் தோன்றியதில்லை. மறுநாள் சாம்பல் கோட்டு ஒன்று தைத்துக் கொடுத்தார்கள். கேமராவைச் சுற்றி ஒரு பெட்டியும் அடித்தோம்.

துணிச் சூடு இன்னொரு சங்கதி. டிரையரிலிருந்து வந்த கையோடு படமெடுத்தால் ஒரு நிறம், ஆறிய பிறகு ஒரு நிறம். சில சிவப்பு, ஆரஞ்சுச் சாயங்களில் இது கண்ணுக்கே தெரியும். இதை மாஸ்டர் முதல் நாளே சொன்னார், நான்தான் காதில் வாங்கவில்லை.

ஒரு துணியில் பல லட்சம் புள்ளிகள். எல்லாவற்றுக்கும் சராசரி எடுப்பதா? எடுத்தால் எப்படி? கறுப்பு 0, வெள்ளை 255 என்று பாதிக்குப் பாதி நூல் கலந்த துணியைத் தள்ளிநின்று பார்த்தால் சாம்பலாகத் தெரியும். கோப்பில் உள்ள எண்களின் சராசரி 127.5. ஆனால் கண்ணுக்கு வருகிற வெளிச்சத்தின் சராசரி அதுவல்ல. நாம் அன்றாடம் பார்க்கிற படங்கள் எஸ்ஆர்ஜிபி முறையில் எழுதப்பட்டவை. இருட்டுப் பக்கம் கண் கூர்மையானது என்பதால் அந்தப் பக்கத்துக்கு நிறைய எண்களைக் கொடுத்துவிட்டு, வெளிச்சப் பக்கத்தை நெருக்கி வைத்திருப்பார்கள். அதை நேராக்கி, சராசரி எடுத்து, திரும்பச் சுருட்டினால் 188 வரும். 127-க்கும் 188-க்கும் உள்ள வித்தியாசம் ஒரு டோன் இல்லை, ஒரு தெரு. மெலாஞ்ச் துணிகள் ஏன் எப்போதும் ‘டார்க்கு’ என்றே ஃபெயில் ஆகின்றன என்ற என் மூன்று வார மர்மம் அதில் தீர்ந்தது.

கோடு போட்ட துணிக்கு சராசரியே கூடாது. வெள்ளையில் நீலக் கோடும் ஒரே இளநீலமும் சராசரியில் ஒன்றாகிவிடும். அங்கே எந்த நிறம் எவ்வளவு பங்கு என்று எண்ணிப் பார்க்க வேண்டும். 1991-இல் ஸ்வெய்னும் பாலார்டும் சொன்ன முறை எளிது: நிறங்களைப் பெட்டி பெட்டியாகப் பிரித்து, இரண்டு படத்திலும் ஒவ்வொரு பெட்டியிலும் எது குறைவோ அதைக் கூட்டு. முழுக்க ஒத்தால் 1. என் ஆசைக்குரிய முறையாக இருந்தது, ஒரு ரோல் நீலக் கோட்டுத் துணி வரும்வரை. அதன் நீலம் மாதிரியைவிட மயிரிழை வேறு. மாதிரி பெட்டியின் இந்த ஓரம், துணி அந்த ஓரம். நடுவில் சுவர். ஒற்றுமை பாதியாக விழுந்துவிட்டது. கண்ணுக்கு அது பாஸ். அடுத்து எடுத்தது எர்த் மூவர்ஸ் டிஸ்டன்ஸ். ஒரு படத்தின் நிறக் குவியலை வாரி இன்னொன்றின் வடிவத்துக்குக் கொட்ட எவ்வளவு மண், எவ்வளவு தூரம் சுமக்க வேண்டும் என்ற கணக்கு. பக்கத்துப் பெட்டிக்குக் கொட்டினால் கூலி கம்மி. இதற்கு நேரம் பிடிக்கும், ஆனால் கோட்டுத் துணிக்கு அதைவிட நியாயமான முறை எனக்குத் தெரியவில்லை.

கேமராவால் முடியவே முடியாத இடமும் உண்டு. ஆனந்தா புளூ மாதிரியான பளீர் நிறங்கள் எஸ்ஆர்ஜிபி எல்லைக்கு வெளியே விழும். சிவப்பு எண் 0-இல் முட்டி நிற்கும். வேறு வேறு இரண்டு துணிக்கும் 0. நிரல் இரண்டும் ஒன்று என்று சத்தியம் செய்யும்.

அதைவிடப் பெரியது லைட்டுக்கு லைட் ஷேடு மாறுவது. என் அம்மா புடவைக்கு ஜாக்கெட் பிட் எடுக்க மேட்சிங் சென்டருக்குப் போனால், கடைக்காரர் காட்டிய பிட்டைப் புடவைமேல் வைத்து, இரண்டையும் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்துவிடுவார். சின்ன வயதில் எனக்கு அது அவமானமாக இருக்கும். கடைக்காரர் திருடி என்று நினைத்துவிடப் போகிறாரே! லேபில் லைட் பாக்ஸைத் தட்டித் தட்டி டி65 என்கிற பகல் வெளிச்சம், டிஎல்84 என்கிற கடை டியூப் லைட், ஏ என்கிற குண்டு பல்பு என்று மாஸ்டர் மாற்றிக் காட்டியபோது, பகலில் ஒட்டிக்கொண்டிருந்த இரண்டு காக்கித் துணிகளில் ஒன்று டியூப் லைட்டில் பச்சையாகத் திரும்பியது. இரண்டும் வேறு வேறு சாயச் சேர்க்கை. ஒரு வெளிச்சத்தில் மட்டும் ஒன்றாக நடிக்கின்றன. என் கேமரா ஒரு விளக்கின் கீழே மூன்று எண்களைத்தான் பார்க்கிறது. அது பகலில் பார்த்தால் பகலைத்தான் சொல்லும். இந்தத் துணிகளுக்கு ஸ்பெக்ட்ரோவோ, அம்மா மாதிரி வாசலுக்கு நடக்கிற பழக்கமோதான் வழி. அறிக்கையில் எந்த விளக்கில் எடுத்தது என்று முதல் வரியில் போட ஆரம்பித்தேன்.

போன மாதம் பீச் ஃபினிஷ் துணி ஒரு லாட் வந்தது. மேல்பக்கம் லேசாகச் சுரண்டி, பொடி ரோமம் எழுப்பிவிட்ட துணி. வெட்டிய பிறகு உடம்புப் பீஸும் கைப் பீஸும் ஒட்டுகிறதா என்று பார்க்கச் சொன்னார்கள். ஒரே ரோல், ஒரே லாட். என் நிரல் சொன்னது 1.6, முக்கால்வாசி எல் அச்சில். நான்கு பீஸ் மாற்றிப் பார்த்தேன், அதே. நிற அட்டையை எடுத்துச் சரிபார்த்தேன், விளக்கைச் சரிபார்த்தேன், கோட்டுப் பொத்தானைக்கூடப் போட்டுக்கொண்டேன். எல்லாம் ஒழுங்கு. ஒரே ரோலுக்குள் ஷேடு மாறியிருக்கிறது என்று அறிக்கையும் தயார்.

மாஸ்டரிடம் காட்டினேன். படித்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் பெட்டியைத் திறந்தார். உடம்புப் பீஸ் நீளம் என்பதால் பெட்டிக்குள் அடங்காமல் நான் குறுக்கே வைத்திருந்தேன். உள்ளங்கையால் அதை ஒரு தடவு தடவினார். தடவிய இடம் கறுத்தது. எதிர்ப்பக்கம் தடவினார், வெளுத்தது. வீட்டில் வெல்வெட் மெத்தையில் விரலால் பெயர் எழுதி விளையாடியிருக்கிறேன், அதேதான்.

பீஸை எடுத்துக் கால்வட்டம் திருப்பி, ஓரம் வெளியே தொங்கினாலும் பரவாயில்லை என்று கைப் பீஸுக்கு ஒத்த திசையில் வைத்து, ரோமத்தை ஒரே பக்கமாக நீவிவிட்டு, “இப்ப எடு” என்று சொல்லிவிட்டு டீக்குப் போய்விட்டார். எடுத்தேன். 0.3.